ஜிம் முடிந்து வரும் பசிக்கு என்ன சாப்பிடுவது? (பஜ்ஜி தவிர)

பீளமேட்டுக்காரன்:
ஜிம்மில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. வயது 27, எடை 72 கிலோ. ஆறரைக்குப் போய் ஏழே முக்காலுக்கு வெளியே வருவேன், மெஸ்ஸில் இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான். நடுவில் இருக்கும் அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் என் பிரச்சினை. அறைக்குப் போகும் வழியில் ஒரு பஜ்ஜிக் கடை இருக்கிறது, எண்ணெய் வாசனை தெருமுனையிலேயே பிடித்து இழுத்துவிடும். வாரத்தில் நான்கு நாள் வாழைக்காய் பஜ்ஜி இரண்டு, டீ ஒன்று என்று ஆகிவிடுகிறது, அப்புறம் இதற்கா இவ்வளவு ஸ்குவாட் போட்டோம் என்று ராத்திரி முழுக்கப் புலம்பல்.

டிரெய்னரிடம் கேட்டால், "முடிச்சு அரை மணி நேரத்துக்குள்ள புரோட்டீன் உள்ள போகலைன்னா செஞ்சதெல்லாம் வேஸ்ட்" என்று சொல்லிவிட்டு அவரே விற்கும் பவுடர் டப்பாவைக் காட்டுகிறார். விலை என் மெஸ் பில்லைத் தாண்டுகிறது. சரி என்று எனர்ஜி பார் ஒன்று வாங்கினேன், கடலைமிட்டாயை நாலு மடங்கு விலைக்குத் தின்ற மாதிரி இருந்தது. அறையில் அடுப்பு இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, ஒரு எலக்ட்ரிக் கெட்டில் மட்டும். முட்டை சாப்பிடுவேன். என்ன சாப்பிடலாம்? அந்த அரை மணி நேரக் கணக்கு நிஜம்தானா?

பழைய_பயில்வான்:
தம்பி, அந்த அரை மணி நேரப் பயத்தை முதலில் விடு. எங்கள் காலத்திலும் இதே பாட்டுதான், பையில் புரோட்டீன் பவுடர் கலக்கும் ஷேக்கர் இல்லாமல் ஜிம் வாசலைத் தாண்ட மாட்டோம். 2013-இல், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து ஒரு தொகுப்பாய்வு வெளியானது, அதில் ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு புரதம் சாப்பிடுகிறோம் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டவுடன் நேரத்தால் வந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. நீ நாலு மணிக்கு ஒழுங்காக எதையாவது சாப்பிட்டிருந்தால் அது ஏழே முக்காலுக்கும் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஒன்பது மணிச் சாப்பாடே உனக்கு ஜிம்முக்குப் பிந்தைய உணவுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்த மெஸ் சாப்பாட்டில் என்ன இருக்கிறது? எடை தூக்குகிறவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் என்பார்கள். குறைந்தபட்சக் கணக்கிலேயே உனக்கு 100 கிராம் வருகிறது. ஒரு இட்லியில் ஏறக்குறைய 2 கிராம்தான், நாலு இட்லி, மதியம் குழம்பு சோறு, ராத்திரி மூன்று தோசை என்று கூட்டிப் பார், பாதிகூடத் தேறாது. ஓட்டை அங்கே இருக்கிறது, நீ ஏழே முக்கால் மணியையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

உன் அறைக்கு முட்டைதான் வழி. கெட்டிலில் வேகவைக்கலாம், ஆனால் ஒரு முட்டை வெடித்தால் அடுத்த ஒரு வாரம் காபியில் அதன் வாடைதான் (அனுபவம்). எக் பாயிலர் ஒன்று வாங்கிவிடு. கூடவே ஒரு குட்டி அளவுக் கப் தருவார்கள், அதன் அடியில் ஊசி இருக்கும், முட்டையின் அகன்ற பக்கத்தில் லேசாகக் குத்திவிட்டு வைத்தால் வெடிக்காது. மூன்று முட்டை, 18 கிராம் புரதம், முடிந்தது கதை. ஜிம்மில் எவனாவது பச்சை முட்டையை உடைத்துக் குடித்துக் காட்டினால் மயங்கிவிடாதே. வேகவைத்த முட்டையில் 90 சதவீதப் புரதம் செரிக்கும், பச்சையில் கிட்டத்தட்ட பாதிதான்.

சுண்டல்_ரசிகை:
எல்லாரும் முட்டையில் வந்து நின்றுவிடுவீர்கள். நான் சைவம், ஆறு வருடமாக ஜிம் போகிறேன், என் பையில் எப்போதும் இருப்பது பொட்டுக்கடலை. 50 கிராமில் 10 கிராம் புரதம் இருக்கிறது, கெட்டுப்போகாது, எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும், வாங்கும்போது யாரும் ஃபிட்னஸ் விலை போடுவதில்லை. வேர்க்கடலையில் புரதம் இன்னும் அதிகம், ஆனால் அதில் பாதி கொழுப்பு, 100 கிராமுக்கு 570 கலோரி வரை வரும். டிவி பார்த்துக்கொண்டே தின்றால் பொட்டலம் காலியாவது தெரியாது. ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு பொட்டலத்தைக் கட்டி உள்ளே வைத்துவிடுங்கள்.

கெட்டில் இருக்கிறது என்றீர்கள் அல்லவா, ஒரு நல்ல பிளாஸ்க் வாங்குங்கள். காலையில் 50 கிராம் பாசிப்பயறு ஊறப்போட்டு, ஜிம்முக்குக் கிளம்பும்போது அலசி பிளாஸ்கில் போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி இறுக மூடிவிடுங்கள். திரும்பி வரும்போது வெந்திருக்கும். தண்ணீரை வடித்து, உப்பு, மிளகுத்தூள், பாதி எலுமிச்சம்பழம். 12 கிராம் புரதம், கூடவே நார்ச்சத்து. இதைக் கொண்டைக்கடலையில் செய்ய வேண்டாம், கல்லாகவே இருக்கும். முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடுவதும் வேண்டாம், முளை வரும் அதே ஈரத்திலும் சூட்டிலும் கிருமியும் வளரும், நான் ஒரு தடவை இரண்டு நாள் படுத்தேன்.

அந்த எனர்ஜி பாருக்கு வருகிறேன். உறையின் பின்னால் சேர்மானங்களை எடை வரிசையில்தான் அச்சிட வேண்டும், எது அதிகமோ அது முதலில். நான் வாங்கிய ஒன்றில் முன்பக்கம் பெரிய எழுத்தில் ஓட்ஸ், பின்பக்கம் முதல் மூன்றுக்குள் குளுக்கோஸ் சிரப். பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களும் அப்படித்தான். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே அவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைக்காதீர்கள் என்று இணையக் கடைகளிடம் சொன்னது, ஏனென்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை.

பீளமேட்டுக்காரன்:
அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி நேற்று எழுதிக் கூட்டினேன். தாராளமாகப் போட்டும் 44 கிராம். அக்கா, பிளாஸ்க் யோசனை அருமை. வாழைப்பழம், இளநீர் பற்றி யாரும் சொல்லவில்லையே?

விடியற்காலை_ஓட்டம்:
நான் சொல்கிறேன். நான் ஓடுகிறவன், எனக்கு முதலில் வேண்டியது மாவுச்சத்துதான். 15 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தால் இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும். அடுத்த நாள் காலையிலேயே மறுபடி ஓட வேண்டும் என்றால் சீக்கிரம் சாப்பிடுவதில் அர்த்தமும் இருக்கிறது. உங்களுக்கு ஒரு மணி நேர எடைப் பயிற்சி, ஒரு பழம் தாராளம். அது புரதத்துக்கு இல்லை, பஜ்ஜிக் கடையைத் தாண்டுவதற்கு. ஜிம் படியிலேயே உரித்துச் சாப்பிட்டுவிட்டு நடங்கள்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவது சோடியம்தான். அதனால் வேர்த்துக் கொட்டிய நாளில் எனக்கு உப்புப் போட்ட நீர்மோர்தான் சரிப்படுகிறது, விலையும் கால்வாசி. பிளட் பிரஷர் உள்ளவர்கள் உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சிறுநீரகத் தொந்தரவு இருப்பவர்கள் இங்கே படித்துவிட்டுப் புரதத்தைக் கூட்டாமல் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பழைய_பயில்வான்:
ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பஜ்ஜி சாப்பிட்டுக்கொள் தம்பி. அடியோடு விடுகிறேன் என்றவன் எல்லாம் மூன்றாவது வாரம் தட்டோடு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பீளமேட்டுக்காரன்:
பத்து நாள் ஆயிற்று. படியிலேயே பழம், அறைக்கு வந்து ஒரு நாள் பயறு, ஒரு நாள் மூன்று முட்டை. பஜ்ஜி ஒரே ஒரு தடவை, அதுவும் மழை பெய்தது. மதியத்துக்கு மெஸ் அக்காவிடம் கேட்டதில் சாம்பாரின் அடியிலிருந்து கெட்டிப் பருப்பாக இரண்டு கரண்டி எடுத்து ஊற்றுகிறார். இப்போது ஒரே சிக்கல், முட்டை வேகும் வாடைக்கு ரூம்மேட் மூஞ்சியைச் சுளிக்கிறான். ஜன்னலோரம் வைத்தும் பார்த்துவிட்டேன். இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?