உயிலில் வீட்டை மனைவிக்கு எழுதலாமா?

கேள்வி
அஸ்ஸலாமு அலைக்கும். மாமா உயில் எழுதப்போகிறார். மாமி, மாமாவின் தாயார், இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். மூத்த மகன் முன்பே மவுத்தாகிவிட்டார் (இறந்துவிட்டார்), அவருக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டை மாமிக்கும் மீதியைப் பங்குப்படியும் எழுதினால் போதுமா?

பதில் 1
வ அலைக்கும் ஸலாம். போதாது. மாமி வாரிசு, 'வாரிசுக்கு வஸிய்யத் (உயில் வழிக் கொடை) இல்லை' என்பது ஹதீஸ் (நபிமொழி). மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் அது செல்லும். அந்தச் சம்மதத்தையும் மாமாவின் மவுத்துக்குப் பிறகே கேட்க வேண்டும். இப்போதே கையெழுத்து வாங்கி வைப்பது ஹனஃபி, ஷாஃபி என்ற இரண்டு சட்டப் பிரிவுகளிலும் அவர்களைக் கட்டுப்படுத்தாது. வயது வராத வாரிசுக்காகக் காப்பாளர் விட்டுக்கொடுக்கவும் முடியாது.

கவலைப்பட வேண்டியது பேரப்பிள்ளைகளைப் பற்றி. சித்தப்பாமார் உயிரோடு இருப்பதால் அவர்களுக்குப் பங்கே வராது. வஸிய்யத் இப்படிப்பட்டவர்களுக்குத்தான். எகிப்து 1946-இல் இதைச் சட்டத்தாலேயே கட்டாயமாக்கியது. சொத்தில் மூன்றில் ஒன்றுக்குள் எவ்வளவும் எழுதலாம். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

பதில் 2
மூன்றில் ஒன்று எதிலிருந்து என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஜனாஸாச் (அடக்கச்) செலவும் கடனும் போக மிஞ்சுவதில் இருந்துதான். சொத்து 40 லட்சம், செலவும் கடனும் 4 லட்சம் என்றால் மீதி 36, வஸிய்யத் அதிகபட்சம் 12. எஞ்சிய 24-இல் மாமிக்கு எட்டில் ஒன்றாக 3, தாயாருக்கு ஆறில் ஒன்றாக 4. மீதி 17-ஐ ஐந்தாக்கி, மகனுக்கு 6.8 வீதம், மகளுக்கு 3.4.

கொடுக்காத மஹரும் (மணக்கொடையும்) கடன்தான். மாமிக்கு அது முதலில் போய்ச் சேரும், பங்கு அதற்கு மேல் தனி. ஆகவே கடன் பட்டியலில் அதைத் தொகையோடு எழுதச் சொல்லுங்கள்.

இந்த எண்களை உயிலில் ஏற்ற வேண்டாம். மாமாவுக்கு முன்பே தாயார் மவுத்தானால் கணக்கே மாறிவிடும். 'மவுத்தின்போது இருக்கும் வாரிசுகளுக்கு ஷரீஅத் பங்குப்படி' என்று எழுதுவதே சரி. பேரப்பிள்ளைகளுக்கும் 'இந்த மனை' என்று குறிக்காமல் 'நான்கில் ஒன்று' என்பதுபோல் எழுதலாம். மனையின் விலை ஏறி மூன்றில் ஒன்றைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு வாரிசுகளின் தயவு வேண்டும்.

பதில் 3
வீடு மாமிக்கே என்றால் வழி ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் அன்பளிப்பு. மாமா நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே எழுதி, கைவசமும் ஒப்படைக்க வேண்டும். பத்திரம் மாமி பேரில், வாடகை வாங்குவது மாமா என்று தொடர்ந்தால் பின்னால் வழக்கு வரும். 'என் மரணத்துக்குப் பின் செல்லும்' என்று ஒரு வரி சேர்ந்தாலே அது ஹிபா இல்லை, வஸிய்யத். மரணப் படுக்கையில் கொடுத்தாலும் அதே கதிதான். பிள்ளைகளின் பங்கைக் குறைப்பதற்காக என்ற நோக்கம் மட்டும் வேண்டாம்.

சாட்சிகள், கையெழுத்து விஷயத்தில் நாட்டுச் சட்டம் கேட்பதையும் நிறைவேற்றுங்கள். வடிவம் பிசகினால் பேரப்பிள்ளைகளுக்கு எழுதியதும் சேர்ந்தே போய்விடும்.