பெண் கரு என்பதால் கலைத்தால் மட்டும் ஏன் குற்றம்?

கேள்வி:
கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்கிறோம். அதே பெண், வயிற்றில் இருப்பது பெண் பிள்ளை என்று கலைக்க வந்தால் குற்றம் என்கிறோம். இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும்? கலைப்பு சகஜமாகிவிட்டதால் வந்த குழப்பமா?

பதில் 1:
நம் நாட்டுச் சட்டம் அதை உரிமையாக எழுதவே இல்லை. 1971 கருக்கலைப்புச் சட்டம் வழக்கிலிருந்து காப்பது டாக்டரைத்தான். 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்ப வேண்டும். 24 வரை என்றால் இரண்டு பேர். அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்பத்தின்போது கணவரை இழந்தவர் போன்ற சிலருக்கே. 'வேண்டாம்' என்பது மட்டும் காரணமாகாது. கருத்தடை தவறியதை மனநலப் பாதிப்பாகக் கொள்ளலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அது முன்பு மணமானவர்களுக்கு மட்டும். 2021 திருத்தம் எந்தப் பெண்ணுக்கும் என்று மாற்றியது. சகஜமானது என்றால் அங்கேதான்.

ஸ்கேனில் பாலினம் சொல்வதைத் தண்டிப்பது 1994இல் வந்த வேறு சட்டம். அதில் கர்ப்பிணியை வீட்டார் வற்புறுத்தினார்கள் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும், மாறாக நிரூபிக்கும் வரை. அது நியாயம். மூன்றாவதும் பெண்ணா என்று புகுந்த வீடே முகம் சுளிக்கும்போது அவள் தலையாட்டுவதைச் சம்மதம் என்பீர்களா?

பதில் 2:
வற்புறுத்தலே இல்லாவிட்டால்? கேள்வி அப்படியே நிற்கிறது. கருவுக்கு மதிப்பே இல்லையென்றால் காரணத்தை ஏன் கேட்க வேண்டும்? 2023 அக்டோபரில் இரண்டு பிள்ளைகளின் தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து எடுப்பவர், 26 வாரத்தில் கலைக்க அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். இரு நீதிபதிகள் மாறுபட, மூவர் அமர்வு மறுத்தது, கருவில் குறையில்லை என்று. கடும் குறை இருந்திருந்தால் 24 வாரம் தாண்டியும் மருத்துவக் குழு அனுமதித்திருக்கலாம். பெண் என்றால் கூடாது, ஊனம் என்றால் கூடும். என் மனம் இதற்குத்தான் ஒப்பவில்லை.

பதில் 3:
இந்த இரண்டு சட்டங்களும் மோதுவது ஸ்கேன் அறையில். உறுப்புக் குறை பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள். பாலினமும் அப்போது தெரியும். அதனால், பாலினம் பார்த்துக் கலைத்ததாகக் கேஸ் வருமோ என்று பயந்து நான்காம் மாதத்துக்கு மேல் யாரையும் சேர்க்காத இடங்கள் உண்டு. உண்மையான குறையோடு வந்தவள் ஊர் ஊராக அலைவதில் வாரங்கள் ஓடிவிடும்.

கணவர் கையெழுத்து கேட்பதும் தவறு. 18 நிறைந்த, மனநோய் இல்லாத பெண் 'சி' என்ற சம்மதப் படிவத்தில் தானே கையெழுத்திட்டால் போதும். சிறுமி என்றால் பாதுகாவலர் ஒப்புதல் வேண்டும், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவலும் போக வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை டாக்டர் சொல்லத் தேவையில்லை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.