ராணி மேரியைக் கட்டிய பாத்வெல்: கடத்தலா, பேசிவைத்த நாடகமா?

இரவுவாசகி:
ஸ்காட்லாந்து ராணி மேரியின் மூன்றாவது கணவர் பாத்வெல் பிரபுவைப் பற்றிப் படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. 1567 பிப்ரவரி 10 அதிகாலையில், இரண்டாவது கணவர் டார்ன்லி தங்கியிருந்த எடின்பரோ வீடு வெடிமருந்தில் தரைமட்டம். எல்லார் விரலும் பாத்வெல் பக்கம். மே 15-ல் அதே ஆளோடு ராணிக்குக் கல்யாணம்! நடுவில் முழுசாக நூறு நாள்கூட இல்லை. ஏப்ரல் 24-ல் ராணியை வழிமறித்து டன்பார் கோட்டைக்குக் கொண்டுபோனாரே, அது நிஜக் கடத்தலா?

கோட்டைவாசல்:
இதில் அடித்துச் சொல்ல முடியாதுங்க. அன்று ராணியுடன் போய்ப் பிடிபட்ட ஜேம்ஸ் மெல்வில்லே தன் நினைவுக் குறிப்பில் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறார். தன்னைப் பிடித்த பாத்வெலின் ஆள், ராணி சம்மதத்தோடுதான் நடக்கிறது என்றானாம். அப்புறம் அவரே, பலவந்தப்படுத்திவிட்டதால் ராணிக்கு அவனைக் கட்டுவதைத் தவிர வழியில்லை என்கிறார். என்னைக் கேட்டால் பலவந்தம்தான். ஆனால் பிரபுக்களை மன்னிக்கவே மாட்டேன். ஏப்ரல் 12-ல் பாத்வெல் மீதான டார்ன்லி கொலை விசாரணைக்கு நகரம் முழுக்க அவர் ஆட்கள். டார்ன்லியின் அப்பா லெனாக்ஸோ ஆறு பேருக்கு மேல் கூட்டிவரக் கூடாது என்று உத்தரவு. லெனாக்ஸ் வரவில்லை, பாத்வெலுக்கு விடுதலை. ஒரு வாரத்தில் பாத்வெல் வைத்த ஒரு விருந்து, "ராணிக்கு இவரே மாப்பிள்ளை" என்ற பத்திரத்தில் பெரிய பெரிய தலைகள் கையெழுத்து. அதில் சிலர்தான் ஜூன் 15-ல் கார்பெரி குன்றில் ராணிக்கும் பாத்வெலுக்கும் எதிரே படையோடு நின்றார்கள்.

பழஞ்சுவடி:
டார்ன்லி வெடியில் சாகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் வெளியே தோட்டத்தில் கிடந்தது, இரவு உடையில், பக்கத்தில் ஒரு நாற்காலி, தீக்காயம் ஒன்றுகூட இல்லை. தப்பி ஓடியவரை வேறு யாரோ மூச்சடைக்கக் கொன்றிருக்க வேண்டும். பாத்வெல் யோக்கியன் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த இரவில் அவன் மட்டும் வேலை பார்க்கவில்லை. இன்னொன்று, ராணியைக் கடத்தியபோது அவனுக்கு ஜீன் கார்டன் என்று ஏற்கெனவே மனைவி. ராணியோடு கல்யாணம் நடந்த அதே மே மாதம், அதற்குச் சில நாள் முன்னால்தான் அவசர அவசரமாக விவாகரத்து.

வடகடல்:
ஜீனுக்கு முன்னால் நார்வேக்காரி அன்னா த்ரோன்ட்சென் இருக்கிறாள், அவளை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கோபன்ஹேகனில் பழகி, கூட்டிப்போய், ஃபிளாண்டர்ஸில் கைவிட்டுவிட்டான். கார்பெரிக்குப் பிறகு வடக்கே ஷெட்லாண்டு தீவுகள் வரை ஓடினான், பிரபுக்கள் பக்கமிருந்து துரத்தி வந்த கிர்க்கால்டியின் கப்பல் பாறையில் மோதியதால் தப்பினான். நார்வேயில் பயணப் பத்திரம் ஏதும் கையில் இல்லாமல் மாட்டி, பெர்கனுக்குக் கொண்டுவரப்பட்டால், அங்கே அன்னா! வழக்குப் போட்டாள். தன் கப்பல்களில் ஒன்றைக் கொடுத்துத்தான் அவளைச் சமாதானப்படுத்தினான். அப்போது நார்வேயையும் ஆண்ட டென்மார்க் மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் பேரத்துக்கு உதவும் என்று பிடித்துவைத்தார். கோபன்ஹேகன், மால்மோ, 1573-ல் ட்ராக்ஸ்ஹோல்ம் கோட்டை. 1578-ல் அங்கேயே செத்தான். தூணில் சங்கிலியால் கட்டியிருந்ததாகவும், சுற்றிச் சுற்றித் தரை தேய்ந்ததாகவும் கதை உண்டு. அவனுடையது என்று சொல்லப்படும் மம்மியைப் பக்கத்துத் தேவாலயத்தில் கண்ணாடிக்கு அடியில் ரொம்ப நாள் காட்டினார்கள்.

இரவுவாசகி:
ராணியைக் கட்டியவனிடம் கப்பலை எழுதி வாங்கினாளே, அந்த அன்னா! மெல்வில் குறிப்பை இன்றிரவே தேடிப் படிக்கிறேன்.