திறந்த தரவு ஹேக்கத்தான்: பழைய கோடு (நிரல்), கூகுள் மேப் புள்ளிகள் செல்லுமா?

நாலுபேர்_டீம்:
36 மணி நேர ஹேக்கத்தான், அதாவது அந்த நேரத்துக்குள் மென்பொருள் செய்து காட்டும் போட்டி. விதிகளில் மூன்று குழப்புகின்றன: முன்பே எழுதிய கோடு கூடாது, திறந்த தரவு (யாரும் எடுத்துப் பயன்படுத்த உரிமம் உள்ள தரவு) மட்டும், முடிவு திறந்த உரிமத்தில் வர வேண்டும். டேட்டா.கவ்.இன் அரசுத் தளத்தின் ஆரம்ப சுகாதார நிலையப் பட்டியல், ஓபன்ஸ்ட்ரீட்மேப் (பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் வரைபடம்) பேருந்து நிறுத்தங்கள், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மூன்றையும் சேர்த்து, பஸ் இறங்கி எவ்வளவு தூரம் நடக்கணும் என்று காட்டுவதாகத் திட்டம். சில நிலையங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை இல்லை. கூகுள் மேப்பில் பார்த்து நிரப்பலாமா? தரவைச் சுத்தம் செய்யும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஏற்கெனவே இருக்கிறது. அது பழைய கோடா?

கமிட்_காவலன்:
பாண்டாஸ் மாதிரிப் பொது நிரல் நூலகங்களை யாரும் கேட்கமாட்டார்கள். சொந்த ஸ்கிரிப்ட்தான் சிக்கல். அதைத் தனி ரெப்போவில் (கிட்ஹப் போன்ற தளத்தில் கோடு வைக்கும் இடம்) எம்ஐடி என்ற திறந்த உரிமத்துடன் இப்போதே பொதுவில் போடுங்கள். பிறகு அமைப்பாளர்களிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. சரி என்றால் ரீட்மி என்ற விளக்கக் கோப்பில் "இது முன்பே இருந்தது" என்று எழுதுங்கள்.

போட்டி ரெப்போவின் முதல் கமிட் (மாற்றங்களை நேரத்தோடு சேமிக்கும் பதிவு) தொடக்க நேரத்துக்குப் பின் இருக்கட்டும். எல்லாவற்றையும் கடைசியில் ஒரே கமிட்டாகத் தள்ளினால், எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியது போலத்தான் தெரியும். கெடு முடிந்தபின் ஃபோர்ஸ் புஷ் (பழைய பதிவுகளை மேலெழுதுவது) வேண்டவே வேண்டாம். ஏபிஐ சாவி (இணையச் சேவையைப் பயன்படுத்தும் ரகசிய எண்) தவறிப்போய் உள்ளே போனால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் கிடக்கும். சாவியையே ரத்து செய்து புதிது வாங்கணும். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை கிட்ஹப் ஏற்காது. அது கடைசி அரை மணியில் தெரியவந்தால் பாவம்தான்.

உரிமம்_படிப்பவள்:
கூகுள் மேப் கூடாது. பார்க்கக் கிடைப்பது வேறு, திறந்த தரவு வேறு. அதிலிருந்து புள்ளிகளை எடுத்துச் சேர்த்துவைக்க அவர்கள் பயன்பாட்டு விதி இடம் தருவதில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் இடம் தேடும் கருவியான நாமினேட்டிமில் தேடுங்கள், ஆனால் பொதுச் சர்வரில் வினாடிக்கு ஒரு கோரிக்கைதான். அதிலும் கிடைக்காவிட்டால் ஊரின் மையப்புள்ளியைப் போட்டு, "தோராயம்" என்று அட்டவணையின் தனி நெடுவரிசையில் குறியுங்கள்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவுக்கு ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமம். வரைபடப் படம் மட்டும் வெளியிட்டால் "ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்" என்று குறிப்பிட்டால் போதும். நீங்கள் கணக்கிடும் தூர அட்டவணையோ அதிலிருந்து பிறந்த தரவுத்தளம். அதை ஓடிபிஎல்லிலேயே வெளியிடுங்கள். கோடுக்கு எம்ஐடி, தரவுக்கு ஓடிபிஎல், இரண்டு கோப்பு. உரிமக் கோப்பே இல்லாத பொது ரெப்போ திறந்த மூலம் ஆகாது. எல்லா உரிமையும் எழுதியவருக்கே.

டேட்டா.கவ்.இன் தரவுக்கு இந்திய அரசின் 2017 திறந்த தரவு உரிமம். வெளியிட்ட துறை, ஆண்டு, தரவின் பெயர், இணைப்பு, உரிமம் ஐந்தையும் எழுதணும். தனிநபர் விவரமும் துறைச் சின்னமும் இந்த உரிமத்துக்குள் வராது. மருத்துவ அலுவலரின் மொபைல் எண் பட்டியலில் இருந்தால் முதல் கமிட்டுக்கு முன்பே அந்த நெடுவரிசையை நீக்குங்கள்.

வரைபடப்_பித்து:
உரிமம் சரியானாலும் பட்டியல்களை இணைப்பதில் மாட்டிக்கொள்வீர்கள். 2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டம், இப்போது 38. பெயரை வைத்து இணைத்தால் தென்காசி, செங்கல்பட்டு எல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும். அரசின் உள்ளாட்சி அடைவு ஒவ்வோர் ஊருக்கும் தரும் எல்ஜிடி குறியீட்டை வைத்து இணையுங்கள். குறியீடுகளை எழுத்தாகவே படியுங்கள். எக்செல் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும்.

தூரத்தை டிகிரியில் கணக்கிடாதீர்கள். மீட்டருக்கு மாற்றும்போதும் கவனம்: மீட்டரில் அளக்க உதவும் யூடிஎம் முறையில் மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் நடுவே ஓடுகிறது. சென்னையும் மதுரையும் யூடிஎம் மண்டலம் 44இல், கோவை 43இல். அப்புறம், நேர்கோட்டுத் தூரம் நடை தூரம் ஆகாது. நடுவே ஆறோ ரயில் பாதையோ இருந்தால் 300 மீட்டர் இரண்டு கிலோமீட்டர்கூட ஆகலாம்.

நாலுபேர்_டீம்:
ஸ்கிரிப்டைப் பொதுவில் போட்டாச்சு, அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சலும் அனுப்பியாச்சு. முகப்பில் வைத்திருந்த துறைச் சின்னத்தையும் எடுத்துவிட்டோம்.