சுப்பீரியர் ஏரிக்கரையில் நடக்கப் போகிறீர்களா? கிலோமீற்றரை விட்டுவிட்டு மணிக்கணக்கைப் பாருங்கள்

ஒன்ராறியோவுக்கு வந்து முதல் கோடை. நயாகரா பார்த்தாயிற்று, பக்கத்துப் பூங்காக்களில் நடந்தாயிற்று, இனி வடக்கே பெரிய ஏரிப் பக்கம் போகலாம் என்று கேட்கிறவர்களுக்காக இந்தத் திரி. சுப்பீரியர் ஏரியின் கிழக்குக் கரையை, அதிலும் சூ சென்ற் மேரிக்கும் வாவாவுக்கும் இடையில் உள்ள லேக் சுப்பீரியர் மாகாணப் பூங்காவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை போகிறவர்களுக்கு அதுதான் பொருத்தம். நெடுஞ்சாலை 17 பூங்காவை ஊடறுத்துப் போவதால், பெரும்பாலான பாதைகளின் தொடக்கத்துக்குக் காரிலேயே போய் இறங்கலாம்.

முதலில் தூரம். ரொறன்ரோவிலிருந்து சூ சென்ற் மேரி ஏறக்குறைய 700 கிலோமீற்றர். நிறுத்தாமல் ஓடினாலும் எட்டு மணி நேரம். அங்கிருந்து பூங்காவில் உள்ள அகாவா விரிகுடா இன்னொரு 130 கிலோமீற்றர். சனி, ஞாயிறு இரண்டு நாளில் போய் வர நினைக்காதீர்கள், குறைந்தது நான்கு நாள் வேண்டும். சூ சென்ற் மேரியில் பெற்றோல் தொட்டியை நிரப்புங்கள், அடுத்து வாவாவில் நிரப்புங்கள். இடையில் கைபேசிச் சமிக்ஞை இல்லாத நீண்ட துண்டுகள் உண்டு, ஆகவே வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். பொழுது சாயும் நேரத்திலும் விடியற்காலையிலும் மூஸ் மான்கள் வீதிக்கு வரும். கால் நீண்ட மிருகம் என்பதால் கார் மோதினால் உடல் நேரே முன்கண்ணாடியில் வந்து விழும். இருட்டில் ஓட்டுவதைத் தவிருங்கள்.

அனுமதிச்சீட்டு ஆளுக்கு அல்ல, வாகனத்துக்கு. நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள பாதைத் தரிப்பிடங்களில் நிறுத்தவும் அது வேண்டும். பல பொது நூலகங்கள் நாள் அனுமதிச்சீட்டைப் புத்தகம்போல இரவல் தருகின்றன. உங்கள் கிளையில் கேட்டுப் பாருங்கள். கூடாரம் அடிக்கும் இடங்களுக்கான முன்பதிவு ஐந்து மாதத்துக்கு முன்பே, காலை 7 மணிக்குத் திறக்கும். ஆகஸ்ட் வார இறுதி வேண்டுமென்றால் மார்ச் மாதமே கணினி முன் இருக்கவேண்டும்.

எப்போது போவது? மே நடுப்பகுதியிலிருந்து யூன் முடியும்வரை பிளாக்ஃபிளை எனும் சிறு கறுப்பு ஈ. கடித்தது உடனே தெரியாது, பிறகு காதின் பின்புறமும் கழுத்தும் வீங்கும். யூலையில் நுளம்பு. ஆகஸ்ட் கடைசியும் செப்ரெம்பரும்தான் நல்ல காலம்: பூச்சி குறைவு, மேப்பிள் இலை சிவக்கும். ஆனால் செப்ரெம்பர் கடைசியில் ஏழரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், காட்டுக்குள் இருட்டு அதற்கும் முன்பே வரும். தலைவிளக்கு ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். நகரத்துப் பூங்காவில் 5 கிலோமீற்றர் என்றால் ஒரு மணி நேரம். இங்கே நோகோமிஸ் பாதையும் 5 கிலோமீற்றர்தான், ஆனால் ஏற்றமும் வேரும் பாறையுமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். மேலே ஏறினால் ஓல்ட் வுமன் விரிகுடாவும் 200 மீற்றர் உயரச் செங்குத்துப் பாறையும் கண்ணுக்கு முன்னால். ஒரே ஒரு பாதைக்குத்தான் நேரம் என்றால் ஓர்ஃபன் லேக் பாதைக்குப் போங்கள். 8 கிலோமீற்றர் வட்டம். காடு, உள்ளேரி, கூழாங்கல் கடற்கரை போன்ற கரை, பால்ட்ஹெட் ஆற்று அருவி நான்கும் ஒரே நடையில் கிடைக்கும். நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். அவாசி பாதை 10 கிலோமீற்றர், ஏற்றம் கடுமை. அதை இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கரையோரப் பாதை பற்றியும் கேட்கிறார்கள். அது ஏறக்குறைய 65 கிலோமீற்றர், முழுவதும் நடக்க ஐந்திலிருந்து ஏழு நாள். ஒரு நாளைக்கு 10 கிலோமீற்றர்தானா என்று சிரிக்கவேண்டாம். தலையளவு உருண்டைக் கற்கள் மேல் 12 கிலோ பையோடு மணிக்கு ஒன்றரை கிலோமீற்றர் போனாலே நல்ல வேகம். ஒவ்வொரு கல்லும் அசையும், ஒவ்வொரு அடியும் பார்த்து வைக்கவேண்டும். முதல் வருடத்தில் இதற்கு இறங்காதீர்கள். நெடுஞ்சாலையைத் தொடும் இடங்களிலிருந்து ஒரு துண்டை மட்டும் போய்த் திரும்பலாம், கத்தரின் கோவ் அதற்கு நல்ல தொடக்கம்.

மழையில் இந்தப் பாறைகள் வேறு பாறைகள். காய்ந்திருக்கும்போது சப்பாத்தைப் பிடிக்கும் அதே கல், மேலே படர்ந்த பாசிச்செடி ஈரமானதும் எண்ணெய் பூசியதுபோல ஆகும். தண்ணீர் விளிம்பில் கறுப்பாகத் தெரியும் பட்டையில் காலே வைக்காதீர்கள். கரையில் ஒதுங்கிய மரக்கட்டையின் மேலும் ஏறாதீர்கள், சுற்றிப் போங்கள். சறுக்கிக் கணுக்கால் உடைவதுதான் இங்கே உண்மையான ஆபத்து. மக்கள் பயப்படும் கரடி அதற்குப் பின்னால்தான்.

குளிர்தான் புதிதாக வந்தவர்களுக்கு விளங்காத விஷயம். இந்த ஏரியின் மிக ஆழமான இடம் 406 மீற்றர். அவ்வளவு தண்ணீர் சூடாவதற்குள் கோடை முடிந்துவிடும். யூனில்கூட நடு ஏரித் தண்ணீர் 4 பாகைக்கு அருகில் நிற்கும். வாவா நகரத்தில் 27 பாகை வெயில் அடிக்கும் நாளில், ஏரிக்காற்று வீசும் கரையில் 15 பாகை இருக்கலாம். சூடான காற்று குளிர்ந்த தண்ணீர்மேல் வந்தால் மூடுபனி, அரை மணி நேரத்தில் அடுத்த முனை தெரியாமல் போகும். ஆகவே பருத்தி ரி-சேட்டும் ஜீன்சும் வேண்டாம். பருத்தி வியர்வையையும் மழையையும் பிடித்துவைத்து உடல் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே பொலியெஸ்டர் அல்லது கம்பளி, அதன்மேல் ஃபிளீஸ், வெளியே மழைக்கோட்டு. இவற்றில் எதற்கும் விலை உயர்ந்த கடை தேவையில்லை, பழைய துணிக் கடைகளிலேயே கிடைக்கும். காசைச் சப்பாத்தில் போடுங்கள். தடித்த கம்பளிக் காலுறையோடு மாலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், பகல் முழுதும் நடந்த கால் அப்போதுதான் சரியான அளவுக்கு வீங்கியிருக்கும். விரல் முன்னால் முட்டினால், இறக்கத்தில் நகம் கறுக்கும்.

தண்ணீருக்குள் தவறி விழுந்தால் நினைவில் வைக்கவேண்டிய கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சு இரைக்கும், நீந்த முயலாமல் மூச்சைச் சீராக்குங்கள். கைகால் சொன்னபடி கேட்பது அடுத்த 10 நிமிடம், வெளியேற வேண்டியது அதற்குள். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். மிதவை அணிந்திருந்தால்தான் அந்த ஒரு மணி நேரமும்.

அகாவா பாறையைத் தவறவிடாதீர்கள். இந்தப் பகுதியின் பழங்குடிகளான ஒஜிப்வே மக்கள் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள், கொம்பும் முதுகில் முள்ளும் கொண்ட மிஷிபிஷு என்ற நீர்த்தெய்வம் உட்பட. அரை கிலோமீற்றர்தான், ஆனால் கடைசி இடம் ஏரியை நோக்கிச் சரிந்த பாறை விளிம்பு. அலை அடித்தால் பூங்காப் பணியாளர்கள் மூடிவிடுவார்கள், அதற்காக வாதாட வேண்டாம். ஓவியத்தைத் தொடாதீர்கள். அது அந்த மக்களுக்கு இன்றும் புனித இடம். கோயில் மூலஸ்தானத்துக்கு முன் எப்படி நிற்போமோ அப்படி நில்லுங்கள்.

கேள்வி: அண்ணா, ஐந்து வயசுப் பிள்ளையோடு போகலாமோ?

தாராளமாக. ட்ராப்பர்ஸ் பாதை 1.5 கிலோமீற்றர், கிரெசன்ற் லேக் 2 கிலோமீற்றர். பிள்ளையின் கழுத்தில் ஒரு விசில் மாட்டி, வழி தவறினால் நின்ற இடத்திலேயே மரத்தைக் கட்டிப்பிடித்து ஊதச் சொல்லிக் கொடுங்கள். வெளிர் நிற நீளக் காற்சட்டை போட்டு, அதைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். உண்ணி ஏறினால் கண்ணில் படும். இரவில் முழங்கால் மடிப்பும் தலைமுடியும் பாருங்கள்.

கேள்வி: சாப்பாடு என்ன கொண்டு போகலாம் அண்ணா? கரடி வருமோ?

நடைக்கு ரொட்டி, வறுத்த கச்சான், பேரீச்சம்பழம், எள்ளுருண்டை. தேங்காய்ச் சம்பல் வெயிலில் புளிக்கும், விட்டுவிடுங்கள். ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர். ஏரித் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் ஒரு நிமிடம் கொதிக்கவைத்தோ வடிகட்டியோதான் குடிக்கவேண்டும். கூடார இடத்தில் உணவு மட்டுமல்ல, பற்பசை, சவர்க்காரம், கறிச்சட்டி எல்லாம் காருக்குள் பூட்டி வையுங்கள். கருவாடு பொரிக்கும் எண்ணம் இருந்தால் வீட்டிலேயே பொரித்து முடித்துவிடுங்கள். நடக்கும்போது கதைத்துக்கொண்டு போனால் கரடி தானே விலகும். எதிர்ப்பட்டால் ஓடவேண்டாம், மரத்தில் ஏறவேண்டாம். அதைப் பார்த்தபடி மெல்லப் பின்வாங்குங்கள்.

கேள்வி: சமிக்ஞை இல்லாவிட்டால் உதவிக்கு எப்படிக் கூப்பிடுவது?

ஐபோன் 14உம் அதற்குப் பிந்தியவையும் வானம் தெரியும் இடத்தில் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும். மரத்தடியில் வேலை செய்யாமல் போகலாம், திறந்த கரைக்கு வாருங்கள். அதைவிட முக்கியம், புறப்படுமுன் வீட்டில் இருக்கும் ஒருவருக்குப் பாதையின் பெயர், கார் இலக்கம், திரும்பும் நேரம் மூன்றையும் அனுப்பி, இத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் பொலிசுக்குச் சொல்லுங்கள் என்று ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுப்பது. திரும்பி வந்ததும் மறக்காமல் அவருக்கு அழையுங்கள்.