ஒரு செமஸ்டர் பிரான்ஸ் எக்ஸ்சேஞ்ச்: கிரெடிட்டை இங்க ஒத்துக்குவாங்களா, கைக்காசு எவ்ளோ வேணும்?

கெடிலக்கரை பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் கடலூர் மஞ்சக்குப்பம், பாண்டில எம்எஸ்சி படிக்கிறேன், தினமும் பஸ்ல போயிட்டு வர்றேன். ஜனவரி செமஸ்டருக்கு லியோன்ல ஒரு யூனிவர்சிட்டிக்கு எக்ஸ்சேஞ்ச்ல ரெண்டு பேரை அனுப்புறாங்க, அதுல என் பேரும் வந்துருக்கு. சந்தோஷமாதான் இருக்கு ஆனா ராத்திரி தூக்கமே வரல. ஃபீஸ் இல்லங்கிறாங்க, மத்த செலவுக்கு எவ்ளோ ஆகும்னு யாரும் தெளிவா சொல்ல மாட்டேங்குறாங்க. அப்பாவுக்கு துறைமுகத்துல ஐஸ் பிளாண்ட்ல வேலை, கடன் வாங்கியாவது அனுப்புறேன்ங்கிறாரு, அதான் இன்னும் பயமா இருக்கு. அங்க படிக்கிற கிரெடிட் இங்க சேருமா, இல்ல ஒரு வருஷம் வீணா போயிடுமா? போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

லாஸ்பேட்டை அக்கா:
வாழ்த்துக்கள்மா, கண்டிப்பா போ. ஆனா டிக்கெட்டு, ஸ்வெட்டர்னு அலையறதுக்கு முன்னாடி கிரெடிட் விஷயத்த முடிச்சிடு. லேர்னிங் அக்ரிமெண்ட்னு ஒரு பேப்பர் இருக்கும், நீ அங்க எடுக்கப்போற பாடம் ஒவ்வொண்ணும் இங்க எந்த பேப்பருக்கு பதிலா வருதுன்னு அதுல எழுதி, நீயும் ரெண்டு காலேஜ் ஆளுங்களும் கையெழுத்து போடணும். அங்க ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் கிரெடிட், ஐரோப்பா காலேஜ்கள்ல பொதுவா வச்சிருக்கிற கிரெடிட் கணக்கு அது. நான் எக்ஸ்சேஞ்ச்ல போனப்ப என்கூட வந்த பொண்ணை அவ காலேஜ்ல "போ, வந்து பாத்துக்கலாம்"னு வாய்வார்த்தையாதான் அனுப்புனாங்க, திரும்பி வந்தப்புறம் ரெண்டு பேப்பர் சிலபஸோட ஒத்துப்போகலன்னு சொல்லி ஜூனியர்ஸோட உக்கார வச்சு எழுத வச்சாங்க, பாவம் அழுதுட்டா. அங்க போன முதல் ரெண்டு வாரத்துல பாடம் மாறினாலும் மாறும், கிளாஸ் டைம் இடிக்கும், மாறினா உடனே திருத்தின பேப்பர்ல திரும்ப கையெழுத்து வாங்கிடு.

இன்னொண்ணு, மார்க். இதை யாரும் முன்கூட்டியே கேக்குறதில்ல. அங்க 20க்குதான் மார்க். 10 வாங்கினா பாஸ், 12 சுமார் ரகம், 14 நல்ல மார்க், 16 வாங்கிட்டா கிளாஸே திரும்பி பாக்கும். நீ உசுர குடுத்து படிச்சு 13 வாங்கிட்டு வருவ, இங்க ஆபீஸ்ல அஞ்சால பெருக்கி 65னு போட்டுட்டா உன் சிஜிபிஏ என்னாகும்? எந்த கணக்குல மாத்துவாங்கன்னு பரீட்சை கண்ட்ரோலர் ஆபீஸ்ல இப்பவே எழுத்துல வாங்கி வச்சுக்க.

உப்பளம் வாசி:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. காசு பத்தி நான் சொல்றேன் தங்கச்சி. இது எராஸ்மஸ் பிளஸ்ல, அதாவது ஐரோப்பிய யூனியனோட எக்ஸ்சேஞ்ச் திட்டத்துல வருதா, இல்ல ரெண்டு காலேஜுக்கு நடுவுல போட்ட ஒப்பந்தமான்னு முதல்ல கேளு. எராஸ்மஸ் ஸ்காலர்ஷிப்போட வந்தா மாசாமாசம் உதவித்தொகையும் பயணத்துக்கு பணமும் உண்டு. வெறும் ஒப்பந்தம்னா பெரும்பாலும் அங்க ஃபீஸ் மட்டும்தான் தள்ளுபடி, ரூம் சாப்பாடு டிக்கெட் எல்லாம் நம்ம கை. விசாவுக்கு மாசம் 615 யூரோ வீதம் கணக்குல காட்டணும், அஞ்சு மாசத்துக்கு 3,075 யூரோ, யூரோ 100 ரூபான்னு வச்சாலும் மூணு லட்சத்துக்கு மேல போவுது. அப்பா கிட்ட இந்த கணக்க பேப்பர்ல எழுதி காட்டு, கடன் எவ்ளோ வேணும்னு அப்புறம் முடிவு பண்ணலாம். ஸ்காலர்ஷிப் இருக்கான்னு தெரியாம வட்டிக்கு மட்டும் வாங்க விடாத.

90 நாளுக்கு மேல தங்குறதால லாங் ஸ்டே விசா எடுக்கணும், அதுக்கு முன்னாடி கேம்பஸ் பிரான்ஸ்னு, அங்க படிக்க போறவங்களுக்கான பிரான்ஸ் அரசு அமைப்போட நடைமுறை இருக்கு. அவங்க ஆபீஸ் பாண்டிலயே அலியான்ஸ் பிரான்சேஸ்ல இருக்கு, நேர்ல போய் கேளு, ஏஜெண்ட் யாருக்கும் பத்து பைசா குடுக்காத. விசால விஎல்எஸ்-டிஎஸ்னு (அங்க தங்குற பர்மிட்டாவும் செல்லுற லாங் ஸ்டே விசா) போட்டிருந்தா போய் இறங்கின மூணு மாசத்துக்குள்ள ஆன்லைன்ல அதை வேலிடேட் பண்ணியே ஆகணும்.

கெடிலக்கரை பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. நாளைக்கே டிபார்ட்மெண்ட்ல எராஸ்மஸான்னு கேக்குறேன். இன்னொரு சந்தேகம், என் பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கு, இனிஷியல்தானே நமக்கு. ஆனா அவங்க அனுப்புன ஃபார்ம்ல சர்நேம் போடாம அடுத்த பக்கம் போகவே மாட்டேங்குது. அப்புறம் ரூம் கிடைக்குமா?

முத்தியால்பேட்டை:
நம்ம பசங்க எல்லாருக்கும் வர்ற பிரச்சினைதான்மா இது. நீயா அப்பா பேர சர்நேம் கட்டத்துல போட்டுடாத, பாஸ்போர்ட்ல ஒண்ணு ஃபார்ம்ல ஒண்ணுன்னு ஆயிடும். அவங்க இண்டர்நேஷனல் ஆபீஸுக்கு பாஸ்போர்ட் முதல் பக்கத்தோட மெயில் போட்டு எப்படி போடணும்னு கேளு, அவங்க சொன்ன மாதிரியே விசா, டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கட்டும். டைம் இருந்தா சர்நேமோட பாஸ்போர்ட்ட ரீஇஷ்யூ பண்றது நல்லது, ஆனா அப்ளிகேஷன் போட்டப்புறம் நடுவுல மாத்தாத.

ரூமுக்கு க்ரூஸ்னு அங்க அரசு நடத்துற ஸ்டூடண்ட் ஹாஸ்டல்தான் மலிவு, எக்ஸ்சேஞ்ச் பசங்களுக்கு யூனிவர்சிட்டி வழியாதான் ஒதுக்குவாங்க, ஃபார்ம் வந்த அன்னைக்கே அனுப்பு. வாடகைக்கு கேரண்டர் (ஜாமீன் ஆள்) கேட்டா, விசால் (Visale)னு ஓசில ஜாமீன் நிக்கிற ஸ்கீம் இருக்கு, 30 வயசு வரைக்கும் அப்ளை பண்ணலாம். ரூமுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். பர்த் சர்டிபிகேட்ட இங்கயே அபோஸ்தில் (வெளிநாட்டுல செல்லுறதுக்கு நம்ம அரசு போடுற முத்திரை) பண்ணி எடுத்துட்டு போ, அங்க சோஷியல் செக்யூரிட்டில பதியறதுக்கு கேப்பாங்க, அந்த பதிவு ஃப்ரீதான், ஆஸ்பத்திரி செலவுல பெரும்பகுதி அதுல வந்துடும். ஜனவரில காலைல எட்டு மணி கிளாஸுக்கு கிளம்பும்போது இருட்டாதான் இருக்கும், நல்ல குளிர் ஜாக்கெட் மட்டும் அங்க போய் வாங்கு, இங்க விக்கிறது தாங்காது.