குளிர் தொடக்கமா, மின்னறு தொடக்கமா?

சேலத்திலிருந்து:

ரீஸ்டார்ட்டுக்கு ‘மறுதொடக்கம்’ நிலைத்துவிட்டது. அதில் கை வைக்க வேண்டாம். அதன் இரு வகைகளான வார்ம் பூட் (மின்சாரம் அறாமல் தொடங்குவது), கோல்ட் பூட் (மின்சாரம் அற்றபின் தொடங்குவது) ஆகியவற்றுக்குத்தான் நல்ல தமிழ்ச் சொல் இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்ததும் திரை கறுத்து ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும் கணினியும், காலையில் பட்டனை அழுத்தினால் அசையாத கணினியும் அஞ்சு ரோட்டுக் கடைகளுக்கு வரும்போது, சீட்டில் ஒரே வரிதான்: ‘ரீஸ்டார்ட் ஆகவில்லை’. இரண்டும் வேறு வேறு நோய்.

முதலாவதில் மின்சாரம் அறுவதே இல்லை. பிராசசருக்கு ரீசெட் போகிறது. நெட்வொர்க் சிப்போ யு.எஸ்.பி. கருவியோ பழைய நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது, கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸ் அதன் பதிலுக்குக் காத்து நிற்கிறது. கீபோர்டு, மவுஸ் தவிர எல்லா யு.எஸ்.பி.யையும் கழற்றிப் பார்ப்பது முதல் வேலை. பிறகு பயாஸ் அப்டேட். லினக்ஸ் என்றால், இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு எந்த வழியில் ரீசெட் செய்வது என்று சொல்லும் ‘ரீபூட்’ அளவுருவை ஏ.சி.பி.ஐ., பி.சி.ஐ., இ.எஃப்.ஐ. என ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிக்கலாம்.

இரண்டாவதில், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 24 பின் இணைப்பில் ஊதா ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். கணினி அணைந்திருக்கும்போதும் அங்கே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

வார்ம் பூட், கோல்ட் பூட் இரண்டையும் ‘வெது தொடக்கம்’, ‘குளிர் தொடக்கம்’ எனலாமா?

ஏற்காட்டிலிருந்து:

ஐயா, ‘குளிர்’ இங்கே நேர்ப்பொருளிலேயே புரிந்துகொள்ளப்படும். பழைய எஸ்.எம்.பி.எஸ். கெப்பாசிட்டரின் உள்தடை குளிரில் ஏறும். மார்கழிக் காலையில் கிளம்பாத கணினி, வெயில் ஏறியதும் கிளம்பிவிடும். அந்தப் பழுதுக்கே ‘குளிர் தொடக்கச் சிக்கல்’ என்ற பெயர் பொருந்தும். வேறுபாடு மின்சாரம் அறுவதில்தானே இருக்கிறது? ‘தொடர்மின் தொடக்கம்’, ‘அறுமின் தொடக்கம்’ என வைக்கலாம்.

சேலத்திலிருந்து:

பொருள் சரி, வடிவம் இடறுகிறது. ‘வம்மின்’, ‘கேண்மின்’ போல ‘அறுமின்’ ஏவல் பன்மையாக ஒலிக்கிறது, ‘தொடர்மின்’னும் அப்படியே. வரிசையை மாற்றினால் தீரும்: ‘மின்னறு தொடக்கம்’, ‘மின்னறாத் தொடக்கம்’. முன்னது வினைத்தொகை, ஒற்று மிகாது. பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும்.

ஏற்காட்டிலிருந்து:

ஏற்கிறேன் ஐயா. சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்: ஷட்டவுன் செய்துவிட்டு ஏற்றுவது மின்னறு தொடக்கம் ஆகாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் கர்னலின் நிலை டிஸ்கில் எழுதப்பட்டு, அடுத்த முறை அதுவே மீள்கிறது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். அப்போதும் அந்த 5 வோல்ட் மதர்போர்டில் இருக்கும்.

ஆகவே விளக்கம் இப்படி இருக்கட்டும்: ‘மின்னறு தொடக்கம்: கணினியை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்து, மதர்போர்டின் சிறு விளக்கு இருந்தால் அது மங்கி அணைந்தபின் ஏற்றுவது’. லேப்டாப் என்றால், கழற்றக்கூடிய பேட்டரியையும் கழற்ற வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.